கபிலர் குன்றும் தாசி மடமும்

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டொலேடோவைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். ஸ்பெயினில் தெருவுக்குத் தெரு கதை சொல்லும் பழைய ஊர் அது. பேசுகிறேன். ஆனால் இங்கிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் திருக்கோவிலூரை வைத்துக்கொண்டு முழு நேரமும் டொலேடோ பேசினால் பெண்ணையாறு என்னைச் சும்மா விடாது. கால் பங்கு டொலேடோ, முக்கால் பங்கு நம் மாவட்டம் என்று பிரித்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் நின்று பேசுகிறவன் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. 2024 ஜூனில் விஷச் சாராயம் இந்தத் தெருக்களிலும் பக்கத்துத் தெருக்களிலுமாக அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து கள்ளக்குறிச்சி என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள், "ஓ, அந்த ஊரா" என்கிறார்கள். வீட்டில் ஆளை இழந்தவர்களுக்கு அது கதை இல்லை. அதை நான் கதை என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் ஓர் ஊரின்மேல் ஒரே ஒரு பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டு, அந்த ஊரின் மற்ற எல்லாப் பேச்சையும் எப்படி மூடிவிடும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்று நான் பேசப்போவதும் ஒருவகையில் அதைத்தான். ஓர் இடத்தில் கதை எப்படி வந்து குடியேறுகிறது? குடியேறாத இடம் என்ன ஆகிறது?

முதலில் டொலேடோ. மத்ரித்துக்குத் தெற்கே 70 கிலோமீட்டர் போல. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓட, நடுவில் பாறைக் குன்றின் மேல் ஊர். விசிகோத் அரசர்களின் தலைநகரமாக இருந்தது. 711இல் அரபுகளும் பெர்பர்களும் கடல் தாண்டி வந்து அந்த அரசை முடித்தார்கள். 1085இல் ஆறாம் அல்போன்சோ ஊரைத் திரும்பப் பிடித்தான். 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வரலாறு இவ்வளவு போதும். சுற்றுலாப் பயணிகள் வருவது கதைக்காக.

ஒரு கதை ஹெர்குலிஸின் குகை. கிரேக்கப் புராணத்து அதே ஹெர்குலிஸ்தான். அவன் டொலேடோவில் ஒரு மாயமாளிகை கட்டினானாம். அதை யாரும் திறக்கக் கூடாது. பட்டத்துக்கு வரும் ஒவ்வொரு ராஜாவும் கதவில் தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். கடைசி விசிகோத் ராஜா ரொத்ரிகோ பொறுமையில்லாதவன். பூட்டையெல்லாம் உடைத்து உள்ளே போனான். அங்கே குதிரைமேல் தலைப்பாகை கட்டிய வீரர்களின் படம். இந்தக் கதவு திறக்கும் நாளில் இவர்கள் உன் நாட்டைப் பிடிப்பார்கள் என்று எழுத்து. அப்படியே நடந்தது என்று கதை முடிகிறது. அந்தக் 'குகை' இன்றும் இருக்கிறது. ஒரு சந்துக்குள், பழைய சர்ச் ஒன்று இருந்த மனையின் கீழே இறங்கிப் பார்க்கலாம். அது ரோமானியர் கட்டிய தண்ணீர்த் தொட்டி. ஊருக்குக் குடிதண்ணீர் சேர்த்து வைத்த இடம். ஹெர்குலிஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொன்று, சின்ன மசூதி ஒன்று. பின்னால் தேவாலயமாக மாற்றினார்கள். கிறிஸ்தோ தெ லா லூஸ் என்று பெயர். அல்போன்சோ ஊருக்குள் குதிரையில் வந்தபோது இதன் முன்னால் குதிரை மண்டியிட்டு விட்டதாம். சுவரை இடித்துப் பார்த்தால், விசிகோத் காலத்தில் மறைத்து வைத்த சிலுவையும், முந்நூற்றுச் சொச்சம் ஆண்டாக அணையாமல் எரிந்த விளக்கும். குதிரை மண்டியிட்ட இடம் என்று தெருவில் ஒரு வெள்ளைக் கல்லைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அதே கட்டடத்தின் முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி ஓர் அரபுக் கல்வெட்டு இருக்கிறது. கட்டுவித்தவர் பெயர், கட்டியவர் பெயர், ஆண்டு எல்லாம் அதில் உண்டு; கணக்குப் பார்த்தால் பொது ஆண்டு 999. மசூதிக்கு வயது நூறு ஆகும் முன்பே அல்போன்சோ வந்துவிட்டான். 999இல் எழுப்பிய சுவருக்குள் முந்நூறு ஆண்டு விளக்கு எப்படி எரியும்? சுவரே அந்தக் கேள்வியைக் கேட்கிறது. டொலேடோக்காரர்கள் செங்கல் எழுத்தையும் அழிக்கவில்லை, வெள்ளைக் கல்லையும் பிடுங்கவில்லை. இரண்டுக்கும் சீட்டு ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தது இதுதான். கதையை நம்புகிறவர்கள் ஒரு கட்சி, கதையைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒரு கட்சி என்று நம்மிடம் இரண்டே கட்சி. இரண்டு பேருமே ஒன்றைக் கேட்பதில்லை: இந்தக் கதையை இந்த இடத்தில் முதன்முதலாகச் சொன்னது யார், எப்போது, அவருக்கு என்ன தேவை? வெற்றி பெற்ற ராஜாவுக்கு, இந்த ஊர் முன்பே எங்களுடையது என்று காட்ட ஒரு குதிரை தேவைப்பட்டது. தோற்ற ராஜ்யத்துக்கு, தோல்விக்குக் காரணம் படைக்குறைவு இல்லை, ஒருவனின் அவசரபுத்தி என்று சொல்லிக்கொள்ள ஒரு பூட்டு தேவைப்பட்டது. இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்கு வாருங்கள்.

திருக்கோவிலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கீழையூர்ப் பக்கம் வீரட்டேசுவரர் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் நின்றால், பெண்ணைப் படுகையில் தனியாக ஒரு பாறை நிற்கும். பாறையின் தலையில் ஒரு சின்னக் கோயில். அதுதான் கபிலர் குன்று. கோடையில் போனால் மணலில் நடந்தே போய்த் தொடலாம். தண்ணீர் வரும் காலத்தில் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். இந்த ஆறு என்ன ஆட்டம் ஆடும் என்பதைக் கரையோர ஊர்கள் அன்று பார்த்தன. மணலாய்க் கிடக்கும்போது பார்த்துவிட்டு, சாது ஆறு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பறம்பு மலைப் பாரியை மூவேந்தர் முற்றுகையிட்டுக் கொன்றார்கள். அவனுடைய மகளிரைக் கூட்டிக்கொண்டு நண்பர் கபிலர் ஊர் ஊராக அலைந்தார். அவர்களைக் கரையேற்றிவிட்டு, பெண்ணையாற்றுப் பாறையில் உயிர் விட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால்கூட ஒரே மூச்சில் சொல்லுவார்கள். ஒரே மூச்சில் சொல்வதில்தான் சிக்கல். இது ஒரு கதை இல்லை. மூன்று வெவ்வேறு காலத்துக் கதைகள், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

அடியில் இருப்பது புறநானூறு. 1894இல் உ.வே.சா. அச்சில் கொண்டுவந்தாரே, அந்தப் புத்தகம். அதில் கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடம் போகிறார், இருங்கோவேளிடம் போகிறார். 200, 201, 202 என்று வரிசையாக மூன்று பாட்டு. இருவரும் ஏற்கவில்லை. இருங்கோவேளைக் கபிலர் பிடித்த பிடி இருக்கிறதே, உன் குலத்து முன்னோர் செய்த பிழைக்கு ஊர் அழிந்த கதையை எடுத்துக் காட்டி, அவன் முகத்தெதிரே சொல்லிவிட்டு வருகிறார். கடைசியில் பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்று இன்னொரு பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. வடக்கிருத்தல் என்றால் உண்ணாமல் இருந்து உயிர் விடுவது. எந்த ஆறு, எந்தப் பாறை என்று அந்தக் குறிப்பில் இல்லை. பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்ற பெயரும் அதில் இல்லை.

கபிலருக்கும் கோவலூருக்கும், அதாவது அன்றைய திருக்கோவிலூருக்கும், தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோவலூர் மலையமான் திருமுடிக்காரியை அவர் பாடியிருக்கிறார். 121 முதல் 124 வரை பார்க்கலாம். கொடுப்பது சுலபம், ஆளின் தரம் தெரிந்து கொடுப்பதுதான் கஷ்டம், புலவர்களிடம் பொதுப்பார்வை வேண்டாம் என்று அந்த வள்ளலிடமே புத்தி சொன்ன மனிதர். சம்பளம் கொடுப்பவரிடம் இப்படிப் பேச இன்று எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கிறது? அது போகட்டும். ஆனால் பாரி மகளிரை இந்த மலையமான் குடும்பம் ஏற்றுக்கொண்டதாகப் புறநானூற்றில் எங்கும் பேச்சில்லை.

இரண்டாவது அடுக்குக்கு ஏறுவோம். ஏறக்குறைய ஓராயிரம் ஆண்டு தாண்டிவிட்டோம். முதலாம் ராஜராஜன் காலம், 985இலிருந்து 1014க்குள். வீரட்டேசுவரர் கோயிலில் செய்யுள் நடையில் ஒரு நீண்ட கல்வெட்டு. கோயிலுக்கு ஒருவர் கொடுத்த தானத்தைப் பதியத்தான் அது வெட்டப்பட்டது. போகிற போக்கில், இந்த ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா என்று வர்ணிக்கிறது. அந்த வர்ணனையில்தான் கபிலர் வருகிறார். பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவில் இருக்கும் கல்லில் தீப்புகுந்து வீடுபேறு அடைந்தார் என்கிறது. அந்தக் கல்லுக்குக் கபிலக்கல் என்று பெயரும் சொல்கிறது.

புறநானூற்றுக் குறிப்பை ஒரு கையிலும் கல்வெட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மகளிர், இங்கே ஒரு பெண். அங்கே பார்ப்பார், இங்கே மலையன். அங்கே உண்ணாநோன்பு, இங்கே தீ. பாறை அங்கே இல்லவே இல்லை. இங்கே பெயரோடு நிற்கிறது. ஆக, இந்தப் பாறையைக் கபிலரோடு சேர்த்துச் சொல்லும் உறுதியான சான்று ஆயிரம் ஆண்டுப் பழமையானது. ஆயிரம் ஆண்டு என்பது சாதாரணம் இல்லை. டொலேடோ மசூதிக்கும் அதே வயதுதான். ஆனால் கபிலருக்கு அது ஆயிரம் ஆண்டு பிந்தியது.

சரி, ராஜராஜன் காலத்துப் புலவனுக்கு மலையன் எதற்கு? இதற்கு விடை அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். சுந்தர சோழன் இறந்தபோது, பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுக் கணவனோடு அவள் தீப்பாய்ந்ததைத் திருக்கோவிலூர்க் கல்வெட்டு உருக்கமாகச் சொல்கிறது. பேரரசனின் அம்மா வீடு என்றால் அந்த வீட்டுக்கு ஒரு பழம்பெருமை வேண்டும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான காரி அந்தக் குலத்தில் பிறந்தவன் என்பது ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு வள்ளலான பாரியின் மகள் மருமகளாக வந்தாள், மூவேந்தரும் அழித்த குடும்பத்துக்கு இந்த வீடு கதவு திறந்தது, சங்கப் புலவர்களில் பெரியவர் இந்த ஊர் ஆற்றில் முக்தி அடைந்தார் என்றால் பெருமை முழுமையாகிவிடும்.

இனி நான் சொல்வது ஊகம்; கல்லில் எழுதியிருப்பது இல்லை. கபிலரின் வடக்கிருத்தல் ஏன் தீயாக மாறியது? அந்த ஊரில் எல்லார் மனத்திலும் ஒரு தீ இருந்தது. அரசனைப் பெற்றவள், பிறந்த வீட்டின் பெருமையாகிப்போனவள், தீயில் போனாள். அந்தத் தீ எரிந்த மனத்தில் பழைய புலவரின் சாவும் தீச்சாவாகத்தான் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. வேறு காரணம் தோன்றினால் எழுந்து சொல்லுங்கள்.

மூன்றாவது அடுக்கு இன்னும் பின்னால் வந்தது. தமிழ் நாவலர் சரிதை போன்ற தனிப்பாடல் மரபுகளில் கிடைப்பது. இங்கே கபிலர் ஓரமாகப் போய்விடுகிறார். ஔவையார் நடுவில் வந்து நிற்கிறார். பெண்களுக்கு இப்போதுதான் அங்கவை, சங்கவை என்று பெயர் கிடைக்கிறது. மாப்பிள்ளை பெயர் தெய்வீகன், திருக்கோவலூர் ராஜா. கல்யாண ஓலையைப் பிள்ளையாரே எழுதிக் கொடுக்கிறார். சேர சோழ பாண்டியர் மூவரும் பந்தலுக்கு வருகிறார்கள். பாரியைக் கொன்ற அதே மூன்று பேர்! ஔவை சொன்னதும் வெட்டிக் கிடந்த பனந்துண்டம் தளிர்த்து, குருத்து விட்டு, காய்த்து, பழம் கொடுக்கிறது. எனக்கு இந்த மூன்றாவது கதைமேல் ஒரு தனிப் பிரியம். சரித்திரமாகப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் பலவீனம். ஆனால் ஊர் என்ன விரும்பியது என்பதை இதைப் போல வேறெதுவும் காட்டாது. அநாதையாக நின்ற இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், கொன்றவர்கள் சீர்வரிசையோடு வந்து நிற்க வேண்டும், வெட்டுப்பட்ட மரம் துளிர்க்க வேண்டும். ஊர்ச்சனம் பஞ்சாயத்து வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இப்போது நாலாவது அடுக்கும் வந்துவிட்டது. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் திருக்கோவலூர் மலையமான் ஆதித்த கரிகாலனின் தாத்தாவாக வருகிறார். 2022இலும் 2023இலும் படம் வந்த பிறகு, கபிலர் குன்றுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் பலரின் மனத்தில் இருப்பவர் கபிலர் இல்லை, கரிகாலன். வரட்டும். எந்தக் கதை இழுத்து வந்தாலும் பாறை ஒன்றுதான்.

ஊருக்குள் உலகளந்த பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மழை இரவில், ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்க, பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்துகொள்ள, பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றுகொள்ள, நாலாவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள் என்பது இங்கே நடந்ததாகச் சொல்லும் கதை. மூன்று திருவந்தாதிகளும் அந்த இரவில் பிறந்தன என்பார்கள். இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய வைணவப் பெரியவர்கள் இந்த அவையிலேயே இருப்பதால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். மெய்ப்பொருள் நாயனார் கதையும் இந்த ஊருடையதுதான்: ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து அடியார் வேடத்தில் வந்தவன் குத்தியபோதும், இவன் நம்மவன், பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வா என்று காவலனிடம் சொன்ன அரசர்.

ஆற்றைத் தாண்டினால் வடகரையில் அரகண்டநல்லூர். அது விழுப்புரம் மாவட்டம். பாறைமேல் கோயில், சம்பந்தர் பாடிய தலம். குடைவரை அறைகளைப் பஞ்சபாண்டவர் தங்கிய இடம் என்பார்கள். தமிழ்நாட்டில் பாண்டவர் தங்காத குகையே இல்லை. வனவாசத்தில் அவர்களுக்குக் குகை மாற்றவே நேரம் சரியாக இருந்திருக்கும். இந்த இடத்தில் நாள் குறித்துச் சொல்லக்கூடிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1896 ஆகஸ்ட் கடைசியில், மதுரையிலிருந்து வீட்டைவிட்டு ஓடிவந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், கையில் காசு தீர்ந்து, மாம்பழப்பட்டிலிருந்து நடந்தே அரகண்டநல்லூருக்கு வந்தான். அங்கே சாப்பாடு கிடைக்கவில்லை. ஆற்றைக் கடந்து கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலுக்கு வந்தான். அங்கே மேளம் வாசிப்பவர் தன் பங்குச் சோற்றை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் ஒரு பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு, ரயிலேறி, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பின்னாளில் அவர்தான் ரமண மகரிஷி. அரகண்டநல்லூரில் ஒளி கண்டார் என்பதைப் பலரும் சொல்வார்கள். தன் சோற்றைக் கொடுத்த மேளக்காரரின் பெயரை யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

அந்த மேளக்காரரைப் போலவே யாரும் சொல்லாமல் விட்டுப்போன ஓர் இடமும் உண்டு. அதுதான் ஜம்பை. இன்று நான் பேசுவதில் இதுதான் எனக்கு முக்கியம்.

கோவலூர்க் காரியை அடித்து ஊரைப் பிடித்தவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் இன்றைய தர்மபுரி. அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் ஒரு பாட்டில் சொல்கிறார். புறநானூறு 99. இது வெறும் புலவர் வாக்கு, மிகைப்படுத்தல் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு பக்கம், வடக்கே அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்று ஒரு பெயர் வருகிறது. யார் இந்தச் சதியபுத்திரர்? காஞ்சிபுரத்துக்காரர் என்றார் ஒருவர், துளுநாட்டுக்காரர் என்றார் இன்னொருவர். பல பத்தாண்டுகள் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

1981இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஜம்பை மலையில், திருக்கோவிலூரிலிருந்து 15 கிலோமீட்டர் போல இருக்கும் இடத்தில், ஒரு பாறைக்குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தைக் கண்டது. ஒரே ஒரு வரி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது அதன் செய்தி. பள்ளி என்றால் இங்கே சமணத் துறவிகள் தங்கும் இடம். ஐராவதம் மகாதேவன் இதைப் பொது ஆண்டு முதல் நூற்றாண்டில் வைக்கிறார். அந்த ஒரு வரியில் இரண்டு வழக்கு தீர்ந்தது. அசோகன் சொன்ன சதியபுத்திரர் அதியமான் குடும்பம். ஔவை பாடிய அஞ்சி கற்பனை இல்லை. பெயர் பட்டத்தோடு கல்லில் நிற்கிறான். அதுவும் எங்கே? தான் பிடித்த கோவலூருக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில். சங்கப் பாட்டில் பேசப்படும் ஓர் அரசனுக்கு அவன் காலத்தை ஒட்டியே கல்லெழுத்து கிடைப்பது எவ்வளவு அரிது என்பது கல்வெட்டு படித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன? தாசி மடம். அஞ்சியும் இல்லை, ஔவையும் இல்லை, நெல்லிக்கனியும் இல்லை. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போனதும், குகைக்குப் புதுக் கதை வந்து ஒட்டிக்கொண்டது. டொலேடோவில் தண்ணீர்த் தொட்டிக்கு ஹெர்குலிஸ் வந்தது போலத்தான். ஒரு வித்தியாசம்: அங்கே சாதாரண இடத்துக்குப் பெரிய கதை கிடைத்தது, இங்கே பெரிய இடத்துக்குச் சாதாரணக் கதை கிடைத்தது.

கபிலர் குன்றையும் தாசி மடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தமாஷாக இருக்கும். கதை நிறைய இருக்கும் இடத்தில் சமகாலச் சான்று இல்லை. சமகாலச் சான்று கல்லாய் நிற்கும் இடத்தில் அதற்கேற்ற கதை இல்லை. பஸ் நிறைய ஆட்கள் முதல் இடத்துக்குப் போகிறார்கள். இரண்டாவது இடத்துக்கு எழுத்து பார்க்க வரும் மாணவர்கள் போகிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் போகிறார்கள்.

காரிக்கும் சான்று இல்லாமல் இல்லை. மலையமான் காசுகள் என்று நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்டவற்றில் குதிரை இருக்கிறது. காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று இலக்கியம் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் உடம்பு சிலிர்க்கும். உள்ளங்கையில் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும் செப்புக்காசு அது.

கல்வராயன் மலையை விட்டுவிட்டுப் பேச்சை முடித்தால் மேற்கே இருந்து வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை: நம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள், அண்ணன் தம்பி மூவர், கரிராமன் சாமியோடு மலை ஏறி ஆளுக்கொரு மலையில் குடியமர்ந்தார்கள். சொல்பவரைப் பொறுத்து எந்த அண்ணன் எந்த மலை என்பது மாறும். மலையை ஆண்ட ஜாகிர்தார் குடும்பங்களுக்கு வேறு கதை: கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம். முதல் கதைக்கு ஓலை இல்லை. இரண்டாவது கதைதான் பல தலைமுறைக்கு நிலத்தின்மேல் அதிகாரமாக ஓடியது. ஜாகிர் ஆட்சி முடிந்து மலை அரசின் கைக்கு முழுதாக வந்தது 1976இல். சுதந்திரம் வந்து 29 ஆண்டு கழித்து! கதையைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே யார் கதை செல்லும் என்பதுதான் யார் நிலம் என்பது.

இதில் ஒரு நல்ல திருப்பமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், உரிமை கோரும் பழங்குடி மக்கள் என்னென்ன சான்று காட்டலாம் என்று பட்டியல் போடுகின்றன. அரசு ஆவணம் மட்டும் இல்லை. பழைய கிணறு காட்டலாம், இடுகாடு காட்டலாம், சாமி கும்பிடும் இடம் காட்டலாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு அதையும் காட்டலாம். பாட்டி சொன்ன கதைக்கு இந்திய அரசு ஒரு மேசையில் இடம் கொடுத்திருக்கிறது! எத்தனை கிராம சபைகள் அந்த மேசைவரை போய்ச் சேர்ந்தன என்பது தனிப் பேச்சு. ஆனால் வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: தாத்தா எந்தப் பாறைக்குப் பொங்கல் வைத்தார், எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தார்கள் என்பதைப் பெயர், திசை, ஓடை, வரப்பு அடையாளத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் அவர் குரலையும் பதிந்து வையுங்கள். கபிலருக்கு யாரும் இடத்தைக் குறித்து வைக்காததால்தான் ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு கல்வெட்டுப் புலவன் இஷ்டத்துக்கு எழுதினான்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீரட்டேசுவரர் கோயிலுக்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். கல்வெட்டைப் படிக்கச் சாய்ந்து விழும் காலை வெயில்தான் நல்லது. உச்சிவெயிலில் எழுத்து கல்லோடு கல்லாய்ப் போய்விடும். எழுத்து தெளியட்டும் என்று சாக்பீஸ், சுண்ணாம்பு, விபூதி எதையும் அப்பாதீர்கள். ஜம்பைக்குச் சொந்த வண்டி நல்லது. வழி கேட்கும்போது அதியமான் கல்வெட்டு என்று கேட்டால் ஒருவேளை முழிப்பார்கள். தாசி மடம் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. தொல்லியல் துறைப் பலகைகள் பெரும்பாலும் என்ன சொல்லும்? இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் இன்ன சட்டப்படி தண்டனை. அவ்வளவுதான். கபிலர் குன்றின் கரையில் மூன்று கதையையும் காலத்தோடு சொல்லும் பலகை ஒன்று வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்துக்கு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று இந்த வாசகர் கூட்டத்து நண்பர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். வாசகத்தை என்னை எழுதச் சொன்னார்கள். எழுதி வந்தது இது:

"பாரியின் மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் உண்ணாமல் உயிர் விட்டதாகப் புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது, இடம் சொல்லவில்லை. பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு இந்தப் பாறையில் தீப்புகுந்தார் என்று ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. அது எதிரே உள்ள கோயிலில் இருக்கிறது. அந்தப் பெண்களின் கல்யாணத்தை ஔவையார் நடத்தி வைத்ததாகப் பிற்காலக் கதை சொல்கிறது. பாறைமேல் உள்ள கோயில் கபிலர் காலத்தது அன்று. காரியை வென்ற அதியமானின் கல்வெட்டு ஜம்பையில் உள்ளது. இங்கிருந்து சுமார் 15 கி.மீ."

நீளம் என்று தோன்றினால் வெட்டுங்கள். ஜம்பை வரியை மட்டும் வெட்டாதீர்கள். தாள் அந்த மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. டீ குடித்துவிட்டு, கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் போடலாம்.